அத்தான் தர வேண்டிய ஜன்னல்

சொரிமுத்துவுக்கு முதலில் அநியாயம் செய்தவர் ஆறுமுகநயினார். வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அக்காள் உலகம்மாளைக் கட்டிய சொந்த அத்தான்தான். அநியாயம் செய்ய அசலூர்க்காரனா வருவான்.

நடந்தது இது. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது ஜன்னலோர இருக்கை சொரிமுத்துவின் பெயருக்குத்தான் விழுந்திருந்தது. வழியில் பார்க்கிறவர்களுக்கு நாம் லட்சணமாகத் தெரிய வேண்டும் என்று அவர் போய் முகம் கழுவி, தலை சீவி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் ஜன்னலில் அத்தான்.

"மாப்ளே, மேல ஏறுத வரைக்கும் பாத்துக்கிடுதேன். பெறவு தாரேன்" என்றார் அத்தான்.

விமானம் மேலே ஏறியது. அத்தான் ஜன்னலின் மூடியை இழுத்துச் சாத்தி, அதில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டார். இடையில் மாறி ஏறிய விமானத்திலும் அதே வாக்கு, அதே மூடி, அதே குறட்டை. சொரிமுத்து நடு இருக்கையில் உட்கார்ந்து அத்தானின் வலது காதைப் பார்த்துக்கொண்டே அயர்லாந்து தேசம் வந்து சேர்ந்தார். அந்தக் காதுக்குள் முடி எந்தப் பக்கம் சுருளும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவார்.

இவர்கள் எதற்கு அயர்லாந்து போனார்கள் என்று கேட்பீர்கள். கட்டாரிக்குறிச்சியில் நாலு பேர் கூட்டாக ஒரு பம்பு செட்டு கடை நடத்தினார்கள். சொரிமுத்து, அத்தான் ஆறுமுகநயினார், பலவேசம், தளவாய். "ஒரு வீடு விடாமல் விற்றால் வெளிநாடு கூட்டிப்போவோம்" என்று பம்பு கம்பெனிக்காரர் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார். கட்டாரிக்குறிச்சிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பது அவர்கள் பொறுப்பு இல்லை. கிணறு இருக்கிற வீடு, இல்லாத வீடு, மாடியில் குடியிருக்கிற வீடு என்று ஒன்று விடாமல் விற்றார்கள். வாங்கியவர்கள் பம்பு வீணாகிறதே என்று கிணறு வெட்டினார்கள். கிணறு வெட்டியவர்கள் தண்ணீர் வீணாகிறதே என்று வயல் வாங்கினார்கள். ஊரே செழித்துவிட்டது.

விற்றதில் சொரிமுத்துவின் பங்கு பெரிது. ஆயில் எஞ்சினை ஓட்டிக் காட்டினால் டீசல் கரியாகும் என்று அந்தக் கடையில் எஞ்சினை ஓட்டமாட்டார்கள். சொரிமுத்து பக்கத்தில் நின்று வாயாலேயே ஓட்டிக் காட்டுவார். வாங்குகிறவர்கள் சத்தத்தைக் கேட்டுத் திருப்தியாகப் போவார்கள். வீட்டில் ஓடுகிற எஞ்சின் அந்த அளவுக்கு இல்லை என்று சில பேர் திரும்பி வந்து சண்டை போட்டதும் உண்டு.

அயர்லாந்தில் இவர்களை ஊர் சுற்றிக்காட்ட ஒரு வேனும், அதை ஓட்ட கிருபாகரன் என்பவரும் வந்தார்கள். கிருபாகரன் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே குடியேறி வெகுகாலம் ஆனவர். பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர்.

வேனிலும் அத்தான் ஜன்னலில் உட்கார்ந்தார். "வாந்தி வருத மாதிரி இருக்கு மாப்ளே. வந்த ஒடனே எழும்பிருதேன்" என்றார். வரவில்லை. வந்திருந்தால்கூட சொரிமுத்து மன்னித்திருப்பார். இரண்டாவது விமானத்தையும் வேனையும் அவர் வட்டியில் சேர்த்துக்கொண்டார். அசல் அப்படியே நின்றது: அத்தான் ஒரு ஜன்னல் தர வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் கிருபாகரன் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"ஐயாமார், இண்டைக்கு ஒரு பப்புக்குப் போறம். பேர் ஒற்றைக்கால் கொக்கு. உலகம் முழுக்கச் சனம் வந்து போற இடம். பழைய பாட்டு, பிடில், மேளம் எல்லாம் நேரில கேக்கலாம். பாட்டுக்காரர் இருக்கிற மூலையில ஒரு ஜன்னல் இருக்கு. அயர்லாந்திலேயே வடிவான இடம் உதுதான் எண்டு சொல்லுவினம்."

சொரிமுத்துவின் முதுகு தானாக நிமிர்ந்தது. அந்த ஜன்னலை மட்டும் பிடித்துவிட்டால் போதும். அத்தான் எப்படியும் வந்து, மாப்ளே கொஞ்சம் எழும்பு என்று கேட்பார். அப்போது அவர் முகத்தைப் பார்த்து, பெறவு தாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். பணம் காசு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் ஜன்மம் ஈடேறிவிடும்.

"நாலு விசயம் மட்டும் கவனம்" என்றார் கிருபாகரன். "சனம் நெரியும். முந்திப்போய் இடம் பிடிக்கோணும், பிடிச்ச இடத்தை விடாதேங்கோ. கறுப்பு பியர் தருவினம், ஊத்தின உடன குடிக்காதேங்கோ, அடங்கட்டும். ஆரும் தனியப் பாடினால் மூச்சு விடக்கூடாது. பாட்டுக்காரற்ற கதிரையில மட்டும் இருக்கப்படாது, அதில இருந்தால் வாசிக்கோணும்."

கதிரை என்றால் நாற்காலி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நாலு பேரும் நாலையும் மனப்பாடம் செய்தார்கள். கிருபாகரன் மனதில் ஒரு நிம்மதி உண்டானது. பாவம்.

ஒற்றைக்கால் கொக்கு ஒரு மலைச்சரிவில் இருந்தது. வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு. வாசலில் டூரிஸ்ட் பஸ்கள் யானைக்கூட்டம் மாதிரி நின்றன. கட்டடத்துக்குப் புது ஜன்னல் மாற்றியிருந்தார்கள் போல. கழற்றிய பழைய ஜன்னல்கள் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அதில் ஒன்று முறம் அளவில் இரண்டு குட்டிக் கதவு போட்டது. கண்ணாடியெல்லாம் எப்போதோ போய்விட்டது.

கதவுப்பக்கம் ஒரே நெரிசல். கட்டாரிக்குறிச்சிக்காரர்கள் இதற்கெல்லாம் அசருகிறவர்கள் இல்லை. தென்காசி பஸ்ஸில் தீபாவளிக்கு இடம் பிடித்தவர்கள். பஸ்ஸுக்கு வழி எதுவோ அதுதான் இதற்கும் வழி. வெளியே நின்று ஜன்னல் வழியாகத் துண்டை உள்ளே வீசிவிட வேண்டும். துண்டு விழுந்த இடம் வீசியவருக்குச் சொந்தம். இது எல்லா தேசத்துக்கும் பொதுவான சட்டம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் பலவேசம் வீசினார். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். துண்டு சுவரில் சாத்தியிருந்த பழைய ஜன்னலுக்குள் புகுந்து, சுவரில் மோதி, கீழே விழுந்தது.

"எனக்கு எடம் கெடச்சிட்டு" என்று பலவேசம் ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நுழைந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து தளவாய். அவர் துண்டு சரியான ஜன்னலுக்குள்தான் போனது. உள்ளே ஒரு மொட்டைத் தலைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஜெர்மனி தேசத்துக்காரராம். துண்டு நேராக அவர் தலையில் போய் விழுந்து படிந்தது.

மூன்றாவதாக சொரிமுத்து மூலை ஜன்னலுக்குப் போனார். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு வீசினார். உள்ளே ஜன்னலோர நாற்காலியில் ஒரு பெரியவர் பிடிலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் டோனல். அந்த நாற்காலியில் அவரைத் தவிர வேறு ஆள் உட்கார்ந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. துண்டு அவர் மடியில் போய் விழுந்தது. டோனல் அதை எடுத்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், நாலாக மடித்தார், மோவாய்க்கும் பிடிலுக்கும் நடுவில் மெத்தையாக வைத்துக்கொண்டார். பிடிலை இழுத்துப் பார்த்தால் மோவாய் வலிக்கவில்லை. மேலே பார்த்துக் கும்பிட்டார்.

ஆறுமுகநயினார் துண்டு வீசவில்லை. அவர் வீசுகிற ஆள் இல்லை. அடுத்தவர் துண்டில் உட்காருகிற ஆள்.

கிருபாகரன் பலவேசத்தைச் சுவரிலிருந்து உருவி எடுத்து எல்லாரையும் உள்ளே கூட்டிப்போனார். உள்ளே கூரையில் பழைய செருப்பும் பூட்சுமாகத் தொங்கின. நாலு பேருக்கும் மனது குளிர்ந்தது.

"திருஷ்டிக்குக் கட்டியிருக்காவ" என்றார் தளவாய்.

"நம்ம ஊர்ல ஒரு செருப்பு கட்டினாப் போதும். இவங்களுக்கு எம்புட்டுக் கண்ணேறுன்னா இம்புட்டுச் செருப்பு வேணும்" என்று பலவேசம் உச்சுக்கொட்டினார்.

பிறகு தளவாய் தன் இடத்தைத் தேடிப்போய், ஜெர்மனிக்காரர் தலைக்குப் பின்னால் நின்று துண்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். சொரிமுத்துவுக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

"வே, அது தலை வே."

"தலையும் ஒரு எடந்தான."

"அதுல எப்பிடி உக்காருவீரு?"

"உக்காரணும்னா சொன்னாரு? புடிச்ச எடத்த விடாதன்னுதான சொன்னாரு. விடாம நிக்கேன்."

ஜெர்மனிக்காரரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. டூர் போன இடத்தில் என்ன நடந்தாலும் அது அந்த ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொள்வது எல்லா தேசத்து டூரிஸ்டுக்கும் பொது. அவர் தலையை ஆட்டாமல் சிரித்தார். அவர் மனைவி படம் எடுத்தாள். பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் தன் தலைக்கும் துண்டு போடக் காசு எவ்வளவு என்று பரிமாறுகிறவரிடம் விசாரித்தார்.

கறுப்பு பியர் வந்தது. மேலே வெள்ளையாக விரல்கடை அளவுக்கு நுரை. நாலு பேரும் தம்ளரைத் தொடவில்லை. அடங்கட்டும் என்று சுற்றி நின்று பார்த்தார்கள். அந்த பியரில் நுரை அடங்காது, அடங்காமல் நிற்பதுதான் அதன் பெருமை என்பதைக் கிருபாகரன் சொல்லவில்லை. அடங்க வேண்டியது உள்ளே புரளுகிற கலங்கல்தான் என்பதையும் சொல்லவில்லை.

"அடங்கிட்டா?"

"இல்ல. முன்னவிடக் கொஞ்சம் தெம்பாத் தெரியுது."

"பால் பொங்கினா என்ன செய்வோம்?" என்று கேட்டார் பலவேசம்.

"தண்ணி தெளிப்போம்."

பலவேசம் விரலால் நாலு தம்ளரிலும் தண்ணீர் தெளித்தார். கடைக்காரி மேவ் என்ற அம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வேறுபக்கம் திரும்பிவிட்டாள்.

அதற்குள் ஒரு நெட்டையான பெண்பிள்ளை எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, வாத்தியம் இல்லாமல் ஒரு சோகப்பாட்டுப் பாட ஆரம்பித்தாள். கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை என்று பாட்டு. கடை முழுக்க அமைதியானது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூக்காலயும் விடக்கூடாதா?" என்று பலவேசம் காதோடு கேட்டார்.

"மூச்சுன்னா மூக்குதான வே. வாயால விட்டா அது கொட்டாவி" என்றார் சொரிமுத்து.

"அப்ப வாயால விடலாம்."

"அதுக்குக் கொட்டாவி வரணும்லா."

பலவேசத்துக்குக் கொட்டாவி வரவில்லை. மற்ற மூவரும் முதல் அடியிலேயே இருமித் தப்பித்துக்கொண்டார்கள். பலவேசம் சொல் தவறாதவர். கடலுக்குப் போனவன் போய்க்கொண்டே இருந்தான். பலவேசம் முகம் முதலில் தக்காளி ஆனது, பிறகு கத்தரிக்காய் ஆனது. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. பாட்டு முடிந்ததும் அவர் ஒரு பெருமூச்சு விட்டு மேஜையில் சாய்ந்தார்.

பாடியவள் கண்ணைத் திறந்து இதைப் பார்த்தாள். தன் பாட்டைக் கேட்டு இப்படி ஒரு மனிதர் உருகி அவள் ஆயுசில் பார்த்ததில்லை. ஓடிவந்து பலவேசத்தைக் கட்டிக்கொண்டாள்.

"உங்களுக்காக இன்னொரு பாட்டுப் படிக்கிறாவாம்" என்றார் கிருபாகரன். "இது இன்னும் நீளம்."

பலவேசம் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அதையும் ரசனை என்றே எடுத்துக்கொண்டாள்.

சொரிமுத்து இதிலெல்லாம் மனதைச் செலுத்தவில்லை. அவர் கண் டோனலின் நாற்காலியிலேயே இருந்தது. பெரியவர் இப்போது எழுவார், இப்போது எழுவார் என்று பார்த்தார். டோனல் எழவில்லை. ஒன்றுக்குப் போகவும் எழவில்லை. சொரிமுத்து போட்ட துண்டே அவரை அங்கே சுகமாக உட்கார வைத்திருந்தது.

அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. கடையின் நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பையன் சட்டென்று முழங்கால் போட்டான். ஒரு பெட்டியைத் திறந்து மோதிரம் எடுத்தான். எதிரே நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்யாணம்" என்றார் தளவாய், தலையிலிருந்து கையை எடுக்காமல்.

"முகூர்த்தம் நடக்கு. ஒருத்தனும் மேளம் அடிக்க மாட்டேங்கானே" என்று பலவேசம் பதறினார். தாலியோ மோதிரமோ, ஏறுகிற நேரத்தில் யாராவது தும்மிவிட்டால் அபசகுனம். தும்மல் காதில் விழக்கூடாது என்றுதானே பெரியவர்கள் கெட்டிமேளம் வைத்தார்கள். ஜெர்மனிக்காரருக்கு வேறு துண்டின் நூல் மூக்கில் பட்டு மூக்கு விரிய ஆரம்பித்திருந்தது.

பலவேசம் நாற்காலிமேல் ஏறினார். ஆட்காட்டி விரலை உயரத் தூக்கி வேகமாக ஆட்டினார்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்."

தோல்மேளம் வைத்திருந்தவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மேளக்காரன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அந்த விரலுக்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. அடி பின்னிவிட்டான். பிடில், குழல் எல்லாம் கூடச் சேர்ந்தன. ஜெர்மனிக்காரர் தும்மியது ஒருவர் காதிலும் விழவில்லை. மோதிரம் ஏறியது. பலவேசம் மேஜையில் கிடந்த வேர்க்கடலையை அள்ளி அட்சதை போட்டார். அதைப் பார்த்த மற்ற டூரிஸ்டுகளும் கையில் கிடைத்த வறுவலையெல்லாம் அள்ளிப் போட்டார்கள். கடை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

டோனலும் எழுந்தார்.

சொரிமுத்து பாய்ந்தார். பாய்ந்து, பிடில்காரர்களின் முழங்கால்களைத் தாண்டி, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தே விட்டார். அயர்லாந்தின் வடிவான இடம் அவருக்குக் கீழே இருந்தது.

உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. பாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வட்டமாக உட்காருவார்கள். ஆகவே நாற்காலி உள்பக்கம் பார்த்து இருந்தது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பரவாயில்லை என்று வைத்துக்கொண்டார். முதுகும் நம்முடைய முதுகுதானே.

மேவ் அம்மாள் வந்து இடுப்பில் கை வைத்து ஏதோ சொன்னாள். கிருபாகரன் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஐயா, நான் சொன்னனான்தானே. அதில இருந்தால் வாசிக்கோணும். இல்லாட்டி எழும்பச் சொல்லுறா."

எழுந்தால் போச்சு. அத்தான் இரண்டு நாற்காலி தள்ளி, செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். சொரிமுத்து யோசித்தார். அவருக்குப் பாட வராது. பிடிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

எஞ்சினின் கைப்பிடியைச் சுற்றுவதுபோல் கையால் காற்றைச் சுற்றினார். தொண்டையைக் கனைத்தார்.

"டுப்" என்றார். கொஞ்சம் விட்டு, "டுப்" என்றார்.

கடையில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"டுப். டுப். டுக்கு டுப். டுக்கு டுப் டுக்கு டுப் டுக்கு டுப்."

எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஐந்து குதிரைசக்தி, புது பெல்ட், நல்ல கிணறு. தளவாய்க்குப் பழக்கதோஷம், நின்ற இடத்திலிருந்தே "சளசளசள" என்று தண்ணீர் விழுகிற சத்தம் கொடுத்தார். மேளக்காரன் காதைச் சாய்த்தான், மெல்ல உள்ளே புகுந்தான். டோனல் நின்றுகொண்டே பிடிலை எடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவர் சொரிமுத்து ஒருவர்தான். மற்ற எல்லாரும் ஆடினார்கள். ஜெர்மனிக்காரர் ஆடினார், அவரோடு தளவாயும் கையை எடுக்காமல் சேர்ந்து ஆட வேண்டியிருந்தது.

டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றபோது கைதட்டல் கூரைச் செருப்பையெல்லாம் ஆட்டியது. டோனல் வந்து சொரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உது எந்தக் காலத்துப் பாட்டு எண்டு கேக்கிறார்" என்றார் கிருபாகரன்.

"போன வருசத்து மாடல்னு சொல்லும்" என்றார் சொரிமுத்து.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தான் வந்தார். இதோ கேட்கப்போகிறார். வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"மாப்ளே, வேன் கெளம்புதாம். நான் முன்னால போயி ஜன்னல்ல உக்காருதேன்" என்று சொல்லிவிட்டு அத்தான் போய்விட்டார்.

சொரிமுத்து அப்படியே இருந்தார். கிருபாகரன் கூப்பிட்டார், அசையவில்லை. பலவேசம் கூப்பிட்டார், அசையவில்லை.

"புடிச்ச எடத்த விடாதன்னு சொன்னது நீருதான்" என்றார் கிருபாகரனிடம்.

"ஐயா, அது உள்ள வரேக்க சொன்னது. இப்ப வெளிய போறம்."

"வெளிய போகும்போது விடணும்னு அப்ப சொல்லலியே."

டோனல் பிடிலோடு நின்றுகொண்டிருந்தார். அவர் உட்காராமல் அடுத்த பாட்டு ஆரம்பிக்காது. அடுத்த பாட்டு ஆரம்பிக்காமல் டூரிஸ்டுகள் அடுத்த தம்ளர் வாங்கமாட்டார்கள். மேவ் அம்மாள் கிருபாகரனிடம் கேட்டாள். இந்த மனிதருக்கு என்னதான் வேண்டும்?

"ஜன்னல்" என்றார் சொரிமுத்து. "எங்க அத்தான் எனக்கு ஒரு ஜன்னல் தரணும். தரல."

கிருபாகரன் அதை இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். அவளுக்கும் ஒரு அத்தான் இருந்திருக்க வேண்டும். விறுவிறுவென்று வெளியே போனாள். பலவேசம் நுழைந்து உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தக் குட்டி ஜன்னலை, இரண்டு கதவோடும் கொண்டியோடும் தூக்கிக்கொண்டு வந்தாள். சொரிமுத்துவின் மடியில் வைத்தாள்.

"எடுத்துக்கொண்டு எழும்பட்டாம்" என்றார் கிருபாகரன்.

சொரிமுத்து எழுந்தார். ஜன்னலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கடைக்காரி கொடுத்தது வேறு, அத்தான் தர வேண்டியது வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். ஒருவர் கடனை இன்னொருவர் அடைக்க முடியாது. டோனல் துண்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சொரிமுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த நாற்காலியில் துண்டு இருக்கிறவரைக்கும் அது கட்டாரிக்குறிச்சி இடம்தான். நாலு தம்ளர் பியரும் மேஜையில் அப்படியே நின்றன. கடைசிவரை அடங்கவில்லை.

தளவாய்தான் வருவதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டார். ஜெர்மனிக்காரர் எழுந்து அவர்கள் பஸ்ஸுக்குப் போக, இவரும் கூடவே போய்விட்டார். அவரைக் கிருபாகரன் அந்த பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்.

திரும்பும்போது விமான நிலையத்தில் நாலு அதிகாரிகள் ஜன்னலைச் சுற்றி நின்றார்கள். கண்ணாடி உண்டா என்று பார்த்தார்கள், இல்லை. கத்தி உண்டா என்று பார்த்தார்கள், இல்லை. ஜன்னல் கொண்டுபோகக்கூடாது என்று அவர்கள் சட்டத்தில் எங்குமே எழுதவில்லை. கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

விமானத்தில் இந்தத் தடவையும் ஜன்னலோர இருக்கை சொரிமுத்து பெயருக்கே விழுந்திருந்தது. இந்தத் தடவையும் அத்தான் அதில் உட்கார்ந்திருந்தார். சொரிமுத்து நடு இருக்கையில் உட்கார்ந்தார். மடியில் தன் ஜன்னலை நிறுத்தினார். கொண்டியை எடுத்து, கதவு இரண்டையும் விரியத் திறந்து, வெளியே பார்த்தார்.

நல்ல காட்சி. எல்லாரும் பெல்ட் போட்டாச்சா என்று பார்த்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஒரு குழந்தை எட்டிப் பார்த்துக் கையாட்டியது, சொரிமுத்துவும் கையாட்டினார். எதிர்வரிசையில் தளவாய் முன்னால் இருந்தவர் தலையில் துண்டு போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் தன் ஜன்னலைப் பார்த்தார். இறக்கை தெரிந்தது. மறுபடி பார்த்தார். மறுபடியும் இறக்கைதான். மாப்பிள்ளையின் ஜன்னலை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மாப்ளே, அதக் கொஞ்சம் குடேன். பாத்துட்டுத் தாரேன்."

சொரிமுத்துவுக்குக் காதுக்குள் கெட்டிமேளம் கேட்டது. நிதானமாகத் திரும்பினார். அத்தானின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"மேல ஏறுத வரைக்கும் பாத்துக்கிடுதேன் அத்தான். பெறவு தாரேன்" என்றார்.

சொல்லிவிட்டார். அந்த இன்பத்தை எழுத்தில் எழுத முடியாது. அத்தான் மறுபடி இறக்கையைப் பார்க்கத் திரும்பினார். விமானம் ஓடியது, எழும்பியது, மேகத்துக்குமேல் போய் நேரானது. பெல்ட்டைக் கழற்றலாம் என்று மணி அடித்தது.

"மாப்ளே" என்றார் அத்தான். "ஏறியாச்சுல்லா."

சொரிமுத்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஏறித்தான் இருந்தது.

"பெறவு தாரேன்னு சொன்னியே. இதுதான பெறவு?"

சொரிமுத்து கட்டாரிக்குறிச்சிக்காரர். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார். ஜன்னலைத் தூக்கி அத்தானிடம் கொடுத்தார்.

அத்தான் அதை வாங்கிக் கதவு இரண்டையும் சாத்தினார். மடியில் படுக்க வைத்தார். அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். கண்ணை மூடுமுன் ஒரு வார்த்தை சொன்னார்.

"மாப்ளே, கொண்டியைப் போடு. காத்து வருது."

சொரிமுத்து கொண்டியைப் போட்டார். பிறகு ஊர் வருகிறவரைக்கும் காதைப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை இடது காது.

ஆக, ஆறுமுகநயினார் இன்றைய தேதிக்குச் சொரிமுத்துவுக்குத் தர வேண்டியது இரண்டு ஜன்னல். ஒன்று விமானத்தில் உள்ளது, ஒன்று மரத்தில் செய்தது. மரத்தில் செய்ததை அத்தான் தன் வீட்டுத் தொழுவத்தில் மாட்டிவிட்டார், மாடு அதில் தலையை நீட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அக்காள் உலகம்மாளிடம் போய் நியாயம் கேட்டதற்கு அவள் சொன்னாள்:

"நம்ம வீட்டுக்குள்ள என்னடே வழக்கு. மாடு இப்பம்தான பாக்க ஆரம்பிச்சிருக்கு. பெறவு தரும்."